நிக்கறதை முதல்ல காட்டுங்க!

பி.காம். படித்தவன் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி ஓர் எழுதப்படாத சட்டம் பத்து வருஷமாக அமலில் இருந்தது. குழாய் ஒழுகினால் பிளம்பர், ஃபேன் கத்தினால் எலெக்ட்ரீஷியன், எனக்குப் பேனா மட்டும். போன கோடை லீவில் அந்தச் சட்டத்தைத் திருத்த நானே ஒரு மசோதா கொண்டுவந்தேன். மசோதாவின் பெயர்: 'வீட்டிலேயே மூணு சக்கர மின்சார மவுன்ட்டன் போர்டு செய்வது'.

"அப்படின்னா?" என்றாள் மனைவி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். ஒரு வார்த்தையில் கேள்வி கேட்டுவிட்டு, நான்கு மார்க் பதிலுக்குக் காத்திருப்பாள்.

மலையில் பனி விழும் ஊர்களில் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள் அல்லவா? பனி இல்லாத கோடைக் காலத்தில் அந்த ஆசாமிகளுக்குக் கால் துறுதுறுத்தது. பலகைக்கு அடியில் காற்றடைத்த டயர்களை மாட்டிக்கொண்டு புல்லிலும் மண்ணிலும் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று ஏறக்குறைய ஒரே சமயத்தில் தனித்தனியாகப் பிறந்த விளையாட்டு இது. ஆஸ்திரேலியாக்காரர் ஜான் மில்ன் 1992 வாக்கில் செய்தது மூணு சக்கரப் பலகைதான். ரோட்டில் ஓடும் ஸ்கேட்போர்டு பட்டணத்துப் பிள்ளை என்றால், இது அதன் கிராமத்துச் சித்தப்பா மகன். கல், குழி, வரப்பு எதற்கும் அசராது. அதில் ஒரு மோட்டாரையும் மாட்டிவிட்டால் மேடும் ஏறும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் எங்கள் பதினோரு வயதுப் பையனைப் பார்த்தாள். அவன் கண் ஏற்கெனவே தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"செய்ங்க. ஆனா நீங்க அதைக் கீழே வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள இவன் ஏறிடுவான். அதனால ஓடறதை அப்புறம் காட்டுங்க. நிக்கறதை முதல்ல காட்டுங்க."

மசோதா திருத்தத்துடன் நிறைவேறியது.

நாங்கள் இருப்பது கோவையில். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார்கள் என்று பெருமை பேசும் ஊர். இங்கே தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பம்புசெட் ஷாஃப்ட் கடைபவராக இருப்பார். அந்த தைரியத்தில்தான் இறங்கினேன்.

'ஏன் மூணு சக்கரம்? நாலு வைக்கக் கூடாதா?' என்று பலரும் கேட்டார்கள். வீட்டு நாற்காலியைக் கரடுமுரடான தரையில் போட்டுப் பாருங்கள்; ஒரு கால் அந்தரத்தில் ஆடும். முக்காலி ஆடவே ஆடாது. அடுப்புக்கு மூணு கல் வைத்த நம் பாட்டிகளுக்கு இது தெரியும். இன்னொரு காரணம் சிக்கனம். பின்னால் ஒரே சக்கரம் என்றால் ஒரே மோட்டார் போதும். மின்சார ஸ்கூட்டரில் வருகிறதே, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்தது, 350 வாட், அதில் ஒன்றை வாங்கினோம். செயின், பெல்ட், பல்சக்கரம் எதுவும் கிடையாது.

ஆனால் நம் ஆட்டோவுக்கு முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு. எங்களுடையது தலைகீழ். பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்பக்கம் சாயும். சாய்கிற பக்கத்தில் இரண்டு கால் இருந்தால் தாங்கும். ஒற்றைக் கால் இருந்தால், அதுவும் திருப்பத்தில் இருந்தால், கவிழப் பார்க்கும். இது என் மனைவி கரும்பலகை இல்லாமல், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று நடத்திய பாடம்.

பேட்டரி விஷயத்தில் என் பி.காம். கை கொடுத்தது. சுண்டுவிரல் நீள லித்தியம் செல்கள் மொத்தம் 40. நாலு நாலாகப் பத்து வரிசை. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், பத்து வரிசைக்கு 36. முழுக்க நிரம்பினால் 42. மொத்த இருப்பு 360 வாட்-மணி. அதாவது அரை யூனிட் கரண்ட்கூட இல்லை! ஒரு சீலிங் ஃபேன் ஐந்து மணி நேரம் சுற்றும் செலவில், என்னை 12 கிலோமீட்டராவது மண்ணில் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கஜானாவுக்குக் காவலாக பி.எம்.எஸ். என்று ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. ஆடிட்டர் மாதிரி. எந்தச் செல்லும் அளவுக்கு மேல் நிரம்பாமலும், அடிமட்டம் வரை வற்றாமலும் பார்த்துக்கொள்ளும். கணக்கு இடித்தால் பேச்சே கிடையாது, மொத்த கஜானாவையும் பூட்டிவிடும்.

பேட்டரியை மட்டும் நான் கட்டவில்லை. செல்லில் நேரடியாக ஈயப்பற்று வைத்தால் சூட்டில் செல் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் மெஷினில்தான் ஒட்ட வேண்டும். அதற்கென்று தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துக் கட்டினோம். சார்ஜ் போடுவது சிமென்ட் தரையில், பகலில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும்.

பலகைக்கு மரைன் பிளைவுட். முன் ஆக்சிலுக்கு லேத் பட்டறை அய்யா. எழுபதைத் தாண்டியவர். முன்சக்கரத்தைக் கையில் வாங்கி, பேரிங்கைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றி, "6001. உள்ள பன்னெண்டு எம்.எம்." என்றார். அளவுகோலைத் தொடவே இல்லை. பலகையை ஒரு பக்கம் சாய்த்து மிதித்தால் முன்சக்கரங்கள் தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிற மாதிரி, ரப்பர் புஷ் வைத்து ஆக்சிலைச் செய்து கொடுத்தார். ஸ்டியரிங் இல்லாத வண்டிக்கு உடம்புதான் ஸ்டியரிங்.

பின்சக்கரத்தை மாட்டி, பலகையைக் கவிழ்த்துப் போட்டு, முதல் முறை கரண்ட் கொடுத்தது அவருடைய பட்டறையில்தான். சக்கரம் 'விர்ர்'ரென்று சுற்றியது. பையன் குதித்தான். நான் சுவிட்சை அணைத்தேன். பையன் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினான்.

"தொடாதே!"

அய்யா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பையன் வெலவெலத்துப் போனான். சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அய்யா தன் இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. இத்தனை நாள் பழகியும் நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"இருபது வயசுலங்க தம்பி. பழைய லேத்து, கால் பிரேக் கிடையாது. சுவிட்சை அமத்தினனுங்க. நின்னுருச்சுன்னு நெனைச்சு ஜாப்பைத் தொட்டேன். கரண்ட்டுதான் நின்னுருக்குது, சக்கு நிக்கலை." விரலை மடக்கிக்கொண்டார். "கரண்ட்டை நிறுத்தறது வேறங்க. சுத்தறதை நிறுத்தறது வேற."

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சக்கரம் மெதுவாக நின்றது.

அதற்குப் பிறகு வேலையின் திசையே மாறிவிட்டது. அதுவரை 'எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?' என்று கேட்டுக்கொண்டிருந்த பையன், 'எத்தனை அடியில நிக்கும்?' என்று கேட்க ஆரம்பித்தான்.

மோட்டார் விற்ற கடைக்காரர் தெம்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "தனியா பிரேக்கே வேண்டாம் சார். மோட்டாரே பிரேக் பிடிக்கும்." அது பொய்யில்லை. ஓடுகிற மோட்டாரை டைனமோ மாதிரி வேலை செய்ய வைத்தால் வேகம் குறையும். உண்டாகிற கரண்ட் பேட்டரிக்கே திரும்பிப் போகும். செலவு செய்த பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரவு! எந்த வணிகவியல் மாணவனுக்குத்தான் கசக்கும்?

அன்று ராத்திரி மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்: "பேட்டரி ஏற்கெனவே ஃபுல்லா இருந்தா, அந்தக் கரண்ட் எங்க போகும்?"

நான் பேட்டரிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். நிறைகுடத்தில் மேலும் ஊற்றினால் பி.எம்.எஸ். ஆடிட்டர் சும்மா இருப்பாரா? கஜானாவைப் பூட்டிவிடுவார். பூட்டினால் மோட்டார் பிரேக் போச்சு. நாங்கள் ஓட்டப் போவதோ பொள்ளாச்சிப் பக்கம் நண்பனின் தென்னந்தோப்பில். அங்கே பிளக் பாயின்ட் இருப்பது மோட்டார் ரூமில். மோட்டார் ரூம் இருப்பது மேட்டில். அதாவது மேட்டில் முழுக்க சார்ஜ் போட்டு, மேட்டிலிருந்தே இறங்க வேண்டும். பிரேக் எப்போது மிகவும் தேவையோ, சரியாக அப்போது அது லீவில் போகும்!

அக்கவுன்டன்ஸியில் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. வரப்போகிற லாபத்தைக் கணக்கில் எழுதாதே; வரக்கூடிய நஷ்டத்துக்கு இன்றைக்கே ஒதுக்கி வை. கல்லூரியில் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். அதன் அர்த்தம் புரிந்தது அந்த ராத்திரியில்தான்.

முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் வைப்பது என்று முடிவாயிற்று. சைக்கிளில் வரும் கேபிள் வகை. கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை இழுத்தால் பிடிக்கும். ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம். ஒரு லீவரிலிருந்து இரண்டு கேபிள் போகிறது. ஒன்று கொஞ்சம் முன்னால் இறுகினால் வண்டி அந்தப் பக்கம் சுழற்றிப் போட்டுவிடும்.

அய்யா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். பிறகு கடைக்கோடியில் கிடந்த ஒரு இரும்புத் துண்டை எடுத்து, நட்டநடுவில் ஒரு துளை, இரண்டு முனையிலும் ஒவ்வொரு துளை போட்டார். "தராசுங்க" என்றார். நடுத் துளையை லீவர் இழுக்கும். இரு முனைகளும் இரண்டு பிரேக்கை இழுக்கும். ஒரு பக்கம் முதலில் இறுகினால் தராசு சாய்ந்து, மறுபக்கமும் இறுகும் வரை இழுக்கும். இரண்டு பக்கமும் சமம். டெபிட்டும் கிரெடிட்டும் இவ்வளவு அழகாக டேலி ஆகி நான் பார்த்ததில்லை.

கைப்பிடியும் அவர் யோசனைதான். ஒரு சாண் குழாயில் பிரேக் லீவரும் கட்டைவிரல் ஆக்சிலேட்டரும். பலகையிலிருந்து வயர் மூலமாகவே வரும், ரிமோட் கிடையாது. பிரேக்கைத் தொட்டாலே மோட்டாருக்குப் போகும் கரண்ட் நிற்கும். கீழே விழுந்து கை விட்டுவிட்டால் ஆக்சிலேட்டர் ஸ்பிரிங்கில் திரும்பி ஜீரோவுக்கு வந்துவிடும். தராசுக்கும் கைப்பிடிக்கும் எவ்வளவு என்று கேட்டேன். "ஓட்டறப்பக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் பரீட்சை. பொது ரோட்டுக்கு இது போகக் கூடாத சாமான் என்பதால் வேலிக்குள்ளேயே, உழாத மண் பாதையில். ஹெல்மெட், முழங்கால் பட்டை, கையுறை எல்லாம் மாட்டி, ஜல்லிக்கட்டுக்குப் போகிற பூசாரி மாதிரி நான் நின்றேன். மனைவி கோலப்பொடியால் பாதையின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பிரேக்.

முதலில் பின்சக்கர மோட்டார் பிரேக் மட்டும். பாரம் முன்னால் போய்விட்டதால் பின்சக்கரம் மண்ணில் வழுக்கியது. நின்றது முப்பதாவது அடியில். அடுத்து மூணு சக்கரத்திலும் பிரேக். பதினாறு அடி. நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல். பையன் டேப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான். அய்யா குனிந்து சக்கரத் தடம் இரண்டையும் பார்த்து, ஒரே நீளம் என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகுதான் சிரித்தார்.

"வேகம் ரெண்டு மடங்கானா நிக்கற தூரம் நாலு மடங்கு. அதனால இவனுக்குப் பத்துக்கு மேல கிடையாது" என்றாள் மனைவி. கன்ட்ரோலரில் பத்து என்று பூட்டினோம். மேட்டில் இறங்குவதானால் பேட்டரியில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது.

அன்று ராத்திரி கணக்கு எழுதினேன். பிரேக்குக்கும் அதைச் சேர்ந்த சாமான்களுக்கும் ஆன செலவு, மோட்டார் விலையைவிட அதிகம். அய்யாவின் கூலி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அது இருக்கட்டும். அன்று பரீட்சை முடிந்து பையன் ஹெல்மெட்டோடு தயாராக நின்றான். "கொஞ்சம் இரு. அம்மா ஒரு தடவை பார்த்துட்டுத் தரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏறினாள். ஓடாமலே பிரேக்கை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். அய்யா தலையாட்டினார். மெதுவாகக் கிளம்பினாள். முதல் தென்னை வரிசையைத் தாண்டினாள். கிணற்றைச் சுற்றினாள். வாய்க்கால் ஓரமாக ஒரு ரவுண்டு. பிறகு இன்னொன்று. நாங்கள் மூணு பேரும் வரிசையாக நின்று கத்துகிறோம். நிக்கறதை முதல்ல காட்டச் சொன்ன புண்ணியவதி, பேட்டரி தீர்கிற வரை நிற்கவே இல்லை!