நிறுத்திவைத்த வண்டிகள்

வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டு முதல் ஆக்கிய வான்களிற் படுக்கையும் அடுப்பும் பொருத்தி ஊர் சுற்றும் வழக்கம் ஐரோப்பாவிலே பரவியது. அப்பழைய வான்களை இன்று பேணுவோர், குளிர்காலம் தொடங்குமுன் அவற்றை ஒரு கொட்டகையிற் சேர்த்துவிடுவர். பனியை உருக்குவதற்காக வீதியிலே தூவப்படும் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதே அவர்களது முதல் அச்சம். சித்திரை பிறந்து வெயில் வந்ததும் வண்டி வெளியே வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அத்தகைய பனிக்காலம் இல்லை; ஆயின் உப்பு உண்டு. கடலையோ கடல்நீரேரியையோ விட்டுப் பெருந்தொலைவில் உள்ள ஊர் இங்கு எதுவும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையோடு வரும் வாடைக்காற்று அவ்வுப்பையும் ஈரத்தையும் வீட்டு முற்றம்வரை கொணர்ந்து சேர்க்கின்றது. எனவே, பழைய காரொன்றை வைத்திருக்கும் குடாநாட்டவருக்கு மாரியே பனிக்காலம்.

அத்தகைய கார்கள் இங்கு எஞ்சியிருப்பதற்குக் காரணம் பழமையின்மீது கொண்ட பற்று மட்டுமன்று. ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவை வாங்கப்பட்ட காலத்திலே புதிய வண்டிகளே. 1960களிலும் 70களிலும் நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு அவற்றைப் பழையவையாக்கியது; அதன்பின் வந்த போர் அவற்றை இன்றியமையாதவையாக்கியது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சேமித்து வாங்கிய கார், பிள்ளைகளின் திருமணத்துக்கும் அயலவரின் பிரசவத்துக்கும் ஒருங்கே ஓடியது.

நிறுத்திவைத்த வண்டி ஓய்வு கொள்கின்றது என்று எண்ணுவது இயல்பு. உண்மையிலோ அது வேறொரு வகையில் தேய்கின்றது. ஓடும்போது உராய்வினால் தேயும் பகுதிகள், நிற்கும்போது ஈரத்தினால் இறுகுகின்றன. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் இயல்பினது. அந்நீர் சக்கர உருளைகளினுள்ளே துருவை உண்டாக்கும். பாதி நிரம்பிய பெற்றோல் தாங்கியின் மேற்பாதியிலே ஈரம் படிந்து துளிக்கும். பெற்றோலோ நாட்பட்டால் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். பயன்படுத்தாத பற்றறி தானாகவே மின்னிழந்து, மீள ஏற்றமுடியாத நிலையை அடையும். ஒரே இடத்தில் நின்ற ரயர் நிலத்தைத் தொட்ட பக்கத்திலே தட்டையாகும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் வண்டியைச் சும்மா நிறுத்துவதில்லை. அச்சின் கீழே பனங்குற்றிகளை வைத்துச் சக்கரங்களை நிலத்தினின்று உயர்த்துவர். கைப்பிறேக்கைத் தளர்த்திவிட்டே செல்வர். இறுக்கி விட்டால் மாரி முடியும்போது அது உருளையோடு ஒட்டியிருக்கும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இரு வாரத்துக்கு ஒருமுறை முன்புறக் கைப்பிடியாற் பொறியைச் சுற்றிவிடுவர். மழைக்கு அஞ்சிப் பொலித்தீன் விரிப்பாற் காரை இறுகப் போர்த்துவதே பலர் செய்யும் பிழை. அவ்விரிப்பு வெளிநீரைத் தடுப்பது உண்மை. நிலத்திலிருந்து எழும் ஆவியை உள்ளே சிறைப்படுத்துவதும் உண்மை. காற்று உலவும் கிடுகுக் கொட்டகையும் ஒரு பருத்தித் துணியும் அதனினும் மேலானவை. ஆனால், கொட்டகையென்றால் எலியும் உண்டு. பருத்தி நூல் சுற்றிய பழைய மின்கம்பிகள் அதற்குக் கூடுகட்டும் பொருள்! மரச்சட்டத்தாலான பின்னுடலைக் கொண்ட மொறிஸ் மைனர் ட்ரவலர் வகைக்குக் கறையானும் பகை.

ஐரோப்பியர் தம் வானை நிறுத்தும்போது ஒன்றை ஐயமின்றி அறிவர்: அதனை எப்போது எடுப்பது என்பது. அவர்களது ஆயத்தங்கள் யாவும் அந்நாளை நோக்கியவை. குடாநாட்டிலே அந்நாள் இல்லாமற் போனது 1990இல். அவ்வாண்டு ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சில மாதங்களில் நிலைமை சீராகும் என்று நம்பி மூன்று மாத மாரிக்குரிய முறையில் வண்டியை நிறுத்தியவர்கள் பலர். ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2002இல்.

அவ்விடைக்காலத்தில் உயிர்பிழைத்த கார்கள் பெரும்பாலும் போற்றிப் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல என்பதே வியப்பு. கூலிக்கு ஓடியவையே நிலைத்தன. பழைய ஒஸ்ரின் பொறியின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. அதனால் மண்ணெண்ணெயையும் அது ஒருவாறு ஏற்றுக்கொண்டது. சிறு போத்தலிற் காத்துவைத்த சில துளிப் பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயக்கி, பொறி சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை வீதியை மறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். எந்தக் கைந்நூலும் ஒப்பாத இக்கொடுமை, ஓடாமல் நின்றதனாலாகிய கேட்டிலும் குறைந்ததாயிற்று. நின்ற கார்களோ ஓடும் கார்களுக்கு உதிரிப்பாகங்களாயின; ஒன்றின் பற்சக்கரம் மற்றொன்றிலே சுழன்றது. (2022இல் தீவு முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையிற் காத்திருந்தபோது, குடாநாட்டு முதியோருக்கு அது புதுமையாகத் தோன்றியிராது.)

1995 ஐப்பசி 30ஆம் நாளன்று வலிகாமத்து மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, கால்நடையும் சைக்கிளுமே பெரும்பாலோருக்கு வழித்துணையாயின. எரிபொருளற்ற வண்டி கொட்டகையிலேயே நின்றது. வலிகாமம் வடக்கில் 1990இலேயே இடம்பெயர்ந்தோர் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் வளவை எட்டிப் பார்க்கவும் இயலாதிருந்தனர். அங்கு விடப்பட்ட காரைப் பற்றிப் பராமரிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை.

இன்று வீதி திறந்திருக்கின்றது. எஞ்சிய கார்களுக்கோ ஆண்டின் ஒழுங்கு தலைகீழாகியுள்ளது. உரிமையாளரின் மக்கள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழ்கின்றனர். அங்குக் கோடை விடுமுறை வரும் ஆடி, ஆவணியிலேதான் நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள்களும் வருகின்றன. பேரப்பிள்ளைகளை அப்பாவின் ஒஸ்ரினில் ஏற்றிச் செல்லவேண்டும் என்ற ஆசையில் அப்போது வண்டி எழுப்பப்படுகின்றது. அந்த எழுப்புதலுக்குப் பொறுமை வேண்டும். பழைய பெற்றோலை வடித்து, மசகெண்ணெயை மாற்றி, பிறேக்கைப் பிரித்துத் துடைத்து, பொறியைக் கையாற் பலமுறை சுற்றிய பின்னரே சாவியைத் தொடலாம். வந்தவர்களுக்கோ மூன்று வார விடுமுறையே உண்டு. ஆதலின் அவர்கள் வருமுன்னரே அதனைச் செய்து முடிப்பவர் அயலிலுள்ள வயோதிபச் சாரதியோ, பழைய கராச் ஒன்றின் மேத்திரியோ ஆவார். விமானம் ஏறியவர்களை வழியனுப்பியபின், மழைக்கு முன் பனங்குற்றிகளை மீண்டும் அடுக்குபவரும் அவரே. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றத் தோள் இடம் கொடுப்பதில்லை. அவ்வேலையைப் பழகிக்கொள்ள இளைஞர் எவரும் அக்கொட்டகைக்கு வருவதில்லை.