கெல்லி மாளிகைப் பயணம்: போஸ்டரை ஏன் மாற்றினோம்?

 

போன வாரம் நம்ம கோயில் வாட்சாப் குழுவில் ஒரு போஸ்டர் போட்டிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அதை எடுத்துட்டேன். "ஏன் எடுத்தீங்க, பயணம் கேன்சலா?" என்று பல பேர் கேட்டீங்க. கேன்சல் இல்லை. திட்டம்தான் மாறியிருக்கு. ஏன் மாறியது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

சமய வகுப்புப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே கூட்டிட்டுப் போவது நம்ம வழக்கம். கம்போங் ராஜாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேயிலை மலையும் பனியும் காய்கறித் தோட்டமும் புதுசு இல்லை. அதனால் இந்த வருஷம் மலை இறங்கி, பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லி மாளிகைக்குப் போகலாம் என்று முடிவு செய்தோம். கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகிற சாலையில், ஆற்றைத் தாண்டி, மரமும் புல்வெளியுமாக ஒரு தோட்டம். அதன் நடுவில் கட்டி முடிக்கப்படாத ஒரு பெரிய மாளிகை. சிம்பாங் பூலாய் சாலை வந்த பிறகு நமக்கு அது தூரமே இல்லை. முன்னெல்லாம் தாப்பா வழியாகச் சுற்றித்தான் போகணும்.

நான் போட்ட முதல் திட்டம் இது. காலையில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயில். பிறகு கெல்லி மாளிகை. மத்தியானத்துக்கு மேல் ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஷாப்பிங். இளைஞர்கள் வரணுமே என்று போஸ்டரில் பெரிய எழுத்தில் "பேய் மாளிகைக்குப் போலாம் வாங்க!" என்று எழுதி, இருட்டாக ஒரு படமும் வைத்தேன். நல்ல வரவேற்பு. ஒரே நாளில் ரெண்டு வேன் நிறைந்துவிட்டது. எனக்கும் பெருமைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். நம்ம கோயிலுக்குத் தவறாமல் வருகிற ஒரு பாட்டி, எண்பது வயசு இருக்கும், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேரப்பிள்ளை போனில் அந்தப் போஸ்டரைக் காட்டியிருக்கிறான்.

"தம்பி, அது என்னா பேய் மாளிகை?" என்று கேட்டார்.

"கெல்லி துரை கட்டின பங்களா பாட்டி. அங்க பேய் இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பசங்களுக்கு அதான் இஷ்டம்" என்றேன்.

"அந்தக் கட்டடத்துல வேலை செஞ்சி செத்தவங்க யாரு?"

எனக்குத் தெரியும். ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

"நம்ம ஆளுங்கதானே? அவங்களையா நீ பேயின்னு எழுதியிருக்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டார். விபூதியைப் பூசிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் லயத்துக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்தேன். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அவரே பேச ஆரம்பித்தார். அவருடைய அம்மா கிந்தா பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர். எந்தத் தோட்டம் என்று அம்மாவுக்கே சரியாகத் தெரியாதாம். ஐந்து வயசில் "பெரிய காய்ச்சல்" வந்து, தாயையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தவர். எங்கே புதைத்தார்கள் என்று யாரும் காட்டவில்லை. அத்தை வளர்த்து, கல்யாணம் பண்ணி வைத்து, இங்கே மலையில் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பித்த பிறகு புருஷனோடு மேலே வந்திருக்கிறார். "எங்கம்மா சாகுற வரைக்கும் மாரியம்மனுக்கு வெளக்கு ஏத்தும்போது ரெண்டு திரி தனியா போடும். யாருக்குன்னு கேட்டா சொல்லாது. பெரியவளானப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது" என்றார்.

அந்தப் பெரிய காய்ச்சல், 1918-இல் உலகம் முழுக்கப் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல். கோடிக்கணக்கான உயிர் போனது. மலாயாவில் தோட்டத் தொழிலாளர்களை அது கடுமையாகத் தாக்கியது. கெல்லி மாளிகையின் கதையிலும் அந்தக் காய்ச்சல் வருகிறது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், 1870-இல் பிறந்தவர். இருபது வயசில் மலாயாவுக்கு வந்தார். பேராக்கில் காடு அழித்து ரோடு போடும் குத்தகை வேலையில் பணம் சேர்த்து, கிந்தா வட்டாரத்தில் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டார். ஈயச் சுரங்கத் தொழிலிலும் இறங்கினார். தோட்டத்துக்குத் தன் ஊர் ஞாபகமாக கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915-இல் மகன் பிறந்த பிறகு, அதன் பக்கத்திலேயே இந்தப் பெரிய மாளிகையை ஆரம்பித்தார். அதற்காக மதராஸிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் லிஃப்ட், மொட்டை மாடி என்று பெரிய திட்டம். மலாயாவின் முதல் லிஃப்ட்டாக அது இருந்திருக்கும் என்பார்கள்.

வேலை நடக்கும்போதே காய்ச்சல் வந்தது. தொழிலாளர்கள் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் துரையிடம் போய், எங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் வரலாறு. அவரும் மறுக்கவில்லை. மாளிகையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் எழும்பியது. அந்த நன்றிக்காகத் தொழிலாளர்கள் கோயிலின் மேல், சாமி உருவங்களோடு துரைக்கும் வெள்ளை உடுப்பு, தொப்பியோடு ஒரு சிலை வைத்தார்கள்.

1926-இல் கெல்லி ஸ்மித் வெளிநாடு போன இடத்தில், லிஸ்பனில், நிமோனியா கண்டு இறந்துபோனார். மனைவி திரும்பி வரவில்லை, சொத்தை ஒரு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகை அப்படியே நின்றுபோனது. லிஃப்ட்டுக்கு விட்ட பள்ளம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கோயிலில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டு இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். பாட்டியிடம் பேசுவதற்கு முன்னாலேயே இணையத்தில் படித்திருந்தேன். அப்படியிருந்தும், ஒரு கோயில் தொண்டன், நான் போட்ட திட்டத்தில் அந்த மாரியம்மன் கோயில் இல்லை! நேரம் பத்தாது என்று நானே அடித்துவிட்டேன். லிட்டில் இந்தியா ஷாப்பிங்குக்கு மட்டும் ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதலில் கோயிலுக்குப் போனேன். அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தால், சாமிகளுக்கு நடுவில் தொப்பி போட்ட துரை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். கேட்டபோது கொடுத்தவரை நம்ம ஆட்கள் மறக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை எதுவோ அதைச் செய்திருக்கிறார்கள். துரை நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம். ஆனால் அந்த எழுபது பேரில் ஒருத்தர் பெயராவது நமக்குத் தெரியுமா? காய்ச்சலில் போனவர்களின் பெயர்? அவர்களை இத்தனை வருஷமாக நாம் "பேய்" என்ற ஒரே பெயரில்தான் கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம்.

அதற்குப் பிறகு மாளிகைக்குப் போனேன். பூச்சு இல்லாத இடங்களில் செங்கல் அப்படியே தெரிகிறது. வளைவு வளைவாக வாசல்கள், ஒவ்வொரு கல்லும் ஒரு ஆள் கையால் வைத்தது. பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் செல்பி எடுத்துக்கொண்டு, "இங்கதான் ப்ரோ பேய் வரும்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் அதைத்தானே பேசினேன்.

2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம்ம கோயில் நடை சாத்தியிருந்தது ஞாபகம் இருக்கா? கதவுக்கு வெளியே ரோட்டில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர். நோய் வந்த நேரத்தில் மனுஷனுக்குக் கோயில் எதற்கு என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தோட்டத்து மக்கள் கூலியைக் கூட்டிக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை. அம்மனைத்தான் கேட்டார்கள்.

அதனால் புதுத் திட்டம் இது. செயலவையிலும் பேசி ஒப்புதல் வாங்கியாச்சு.

நாள்: வரும் பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு. காலை 6.30-க்குக் கோயில் வாசலில் வேன் புறப்படும். மழை பெய்து சாலையில் மண் சரிந்தால் பயணம் தள்ளிப்போகும், முந்தின நாள் ராத்திரி குழுவில் சொல்லிவிடுவோம்.

முதலில்: கிந்தா கெல்லாஸ் மாரியம்மன் கோயில். அங்கே சின்ன அர்ச்சனை. பூ கடையில் வாங்க வேண்டாம். நம்ம தோட்டத்துச் சாமந்தியைக் கொண்டு போவோம். பூத்தோட்டம் வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே கோயிலில் கொடுத்துவிடுங்கள். அர்ச்சனை பெயர் தெரியாத நம் முன்னோர்களுக்காக.

அடுத்து: கெல்லி மாளிகை. டிக்கெட்டுக்கு மைகார்ட், மைகிட் மறக்காதீங்க. பிள்ளைகள் கூட்டமாக ஓடக்கூடாது. படிக்கட்டுகள் குறுகல், மேல்மாடியில் சின்னப் பிள்ளைகள் கையைப் பெரியவர்கள் விடக்கூடாது. படி ஏற முடியாதவர்கள் கீழே தோட்டத்து நிழலில் உட்காரலாம், அவர்களோடு ரெண்டு தொண்டர்கள் இருப்பார்கள்.

மத்தியானம்: சாப்பாடு நம்ம கோயிலில் சமைத்துக் கட்டிக்கொண்டு போகிறோம். புளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு பிரட்டல். தேத்தண்ணி பிளாஸ்க்கில் வரும், நம்ம மலைத் தேயிலைதான்.

கடைசியாக: நேரம் இருந்தால் கல்லுமலை. லிட்டில் இந்தியா இந்தத் தடவை இல்லை. அக்காமார்கள் மன்னிக்கணும், தீபாவளிக்கு முன்னாடி தனியாக ஒரு வேன் போட்டுவிடலாம்!

இன்னும் ரெண்டு விஷயம். கீழே நல்ல வெயில் அடிக்கும், சுவெட்டரோடு வந்து அவிய வேண்டாம். வளைவில் வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு இஞ்சி மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் அம்மாக்கள் பொறுப்பு.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். போவதற்கு முன் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம், "உங்க அப்பா அம்மா எங்கேருந்து வந்தாங்க, எந்தத் தோட்டத்துல வேலை செஞ்சாங்க, அவங்க பேரு என்னா?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வரணும். தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே எழுதலாம். அந்தத் தாள்களை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, ஒரு கோப்பில் போட்டு நம்ம கோயிலிலேயே வைக்கப்போகிறோம்.

பேய்க்கதை கேட்டு முதலில் பெயர் கொடுத்த இளைஞர்களே, நீங்க பின்வாங்கிடாதீங்க. நீங்கதான் முக்கியமா வரணும். பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேணும்.

பாட்டியிடம் போய்த் திட்டம் மாறியதைச் சொன்னேன். "இந்த முழங்காலோட நான் எங்க தம்பி வர்றது" என்றார். கோயில் வாசல் வரைக்கும் வேன் வரும், படியே ஏற வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து வந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். விளக்குத் திரி.

"நான் வந்தா நானே போடுறேன். வரலன்னா நீ போடு. ரெண்டு திரி தனியா" என்றார்.

முன் சீட்டில் அவருக்கு இடம் போட்டு வைத்திருக்கிறேன். மூன்றாவது வேனில் இன்னும் ஒன்பது இடம் இருக்கு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது என்னிடம் நேரில் சொல்லுங்க.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

வேலும் மயிலும் துணை.