கொஞ்சம் காற்றுக் கூட்டினால் என்ன?

வாகனப் பேச்சு வந்தால் நம் வீட்டுப் பெண்கள் மெல்ல எழுந்து குசினிப் பக்கம் போய்விடுவதுதான் வழக்கம். அந்த வாகனத்தின் பின் ஆசனத்தில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு போகப்போவது நாம்தான் என்பதை ஏனோ நினைப்பதில்லை. நானாவின் மூத்த மகன் பழைய கார் ஒன்று வாங்கியதிலிருந்து நான் எழுந்து போவதை நிறுத்திவிட்டேன்.

டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தது. 1331 சிசி என்ஜின்தான். ஆனால் டர்போ இருப்பதால் 135 குதிரைவலு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் மீண்டும் திறந்தார்கள். அதனால் நம் நாட்டில் முப்பது வருடக் காருக்கும் புதுக் காரின் மரியாதை!

டர்போ என்பது பெரிய மர்மம் இல்லை, சகோதரிகளே. என்ஜினிலிருந்து வெளியே போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்றுக் கூடினால் அதற்கேற்பப் பெற்றோலும் கூட எரியும், வலு கூடும். அமுக்கம் அளவு மீறாமல் புகையை வேறு வழியால் விட்டுவிட ஒரு கதவு உண்டு. நம் பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான் அதற்கும். இந்தக் காரில் 0.65 பார் அளவில் அது திறக்கும். காருக்குள் இருக்கும் ஒரு சுவிட்சை அமுக்கினால் 0.4 பாரோடு அடங்கும்.

"மாமி, அந்தக் கதவுக்குப் போற சின்ன ஹோஸில ஒரு டெப் போட்டால் சரி. கதவு பிந்தித்தான் திறக்கும். 1 பார் வரைக்கும் ஏத்தலாம். பெரிய செலவும் இல்ல" என்றான் மருமகன். கூட்டாளி யாரோ சொன்னதாம்.

குக்கர் வெயிட்டின் மேல் கல்லைத் தூக்கி வைத்தால் இறைச்சி சீக்கிரம் வேகும் என்று யாராவது சொன்னால் நாம் செய்வோமா? அடுத்த மாதம் புத்தளத்தில் கலியாணம். அந்தக் காரில் போக இருந்தது மதினி, அவவுடைய இரண்டு குமருகள், நான். "ஐயாவிடம் காட்டிவிட்டுப் போடு மகன்" என்று மட்டும் சொன்னேன்.

ஐயா ஐந்துசந்திக்குச் சற்றுத் தள்ளிக் கராஜ் வைத்திருப்பவர். எழுபது கடந்துவிட்டார். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கிக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்ட பிறகு, ஏ போட்டி கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த கைகள் அவருடையவை. அந்த வருடங்களை நாங்கள் பார்க்கவில்லை. 1990 அக்டோபர் 30இல் இரண்டு மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் ஏ போட்டியும் வாசலிலேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஓடிய கார்களின் கதையை ஐயா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். ஏ போட்டி அதைத் தாங்கியதற்குக் காரணம், அந்த 1200 சிசி என்ஜின் காற்றையும் எரிபொருளையும் ஏறத்தாழ ஏழு மடங்குதான் நெருக்கும். ஒன்பது மடங்கு நெருக்கும் என்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தட்டத் தொடங்கிவிடும். பிளக்கின் பொறியில் ஒரு பக்கம் பற்றிய தீ மெதுவாகப் பரவுவதுதான் முறை. சூடும் நெருக்கமும் கூடிவிட்டால் மறுபக்கம் மிச்சமிருப்பது தீ வரும்வரை காத்திராமல் ஒரேயடியாய் வெடிக்கும். பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி! வெளியே கேட்பது தகர டப்பாவில் கல் குலுக்கிய மாதிரி ஒரு சின்னச் சத்தம்தான். எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து என்ஜின் ஒயிலையும் கெடுக்குமாம். அது வேறு கதை.

"நாங்கள் எரிபொருளை மாத்தினம். நீ நெருக்கத்தை மாத்தப் பாக்கிறாய், தம்பி. தட்டுற சத்தம் ரெண்டுக்கும் ஒண்டுதான்" என்றார் ஐயா.

இந்த என்ஜின் தானாகவே எட்டு மடங்குக்குச் சற்று மேல் நெருக்குகிறது. டர்போ அனுப்புவதோ முன்பே அமுக்கிய காற்று. மருமகன் அதுவரை அடித்து வந்தது 92 ஒக்டேன். முதலில் 95க்கு மாறச் சொன்னார். ஒக்டேன் கூடிய பெற்றோல் தட்டாமல் கூடுதல் நெருக்கத்தைத் தாங்கும் என்பதற்காக. அதை ஊற்றினால் மட்டும் வலு கூடிவிடாது.

பிறகு பொனட்டைத் திறந்தார். காற்றைக் குளிரவைக்கும் இன்ரகூலர் இந்தக் காரில் என்ஜினுக்கு மேலேயே இருக்கிறது. நம்முடைய வெயிலில் ஆஸ்பத்திரி வீதியில் ஊர்ந்து வந்தால் அதுவே சூடேறிவிடும், சூடான காற்று இன்னும் சீக்கிரம் தட்டும். ரப்பர் ஹோஸ் இரண்டில் வெடிப்பு. பெற்றோல் பம்பும் பில்டரும் எப்போது மாற்றியவை என்று யாருக்கும் தெரியாது. காற்றைக் கூட்டிவிட்டு அதற்கேற்பப் பெற்றோல் வராவிட்டால் கலவை வரண்டு, சூடு ஏறி, பிஸ்டன் ஓரம் உடையும் என்றார். அமுக்கம் எல்லை தாண்டினால் காரின் கம்பியூட்டரே பெற்றோலை நிறுத்திவிடும். அதை ஏமாற்றவும் ஒரு சாமான் விற்கிறார்களாம். ஐயாவுக்கு வந்த கோபம்! "கார் ஆபத்தெண்டு கத்துது. அதின்ர வாயைப் பொத்திறதோ?"

கூட்டவே கூடாதா என்று நான் கேட்டேன். கூட்டலாம் என்றார். ஆனால் அமுக்கம் காட்டும் மீற்றரும் கலவை காட்டும் மீற்றரும் முதலில் வரவேண்டும். சூட்டைச் சீக்கிரம் கடத்தும் பிளக், நல்ல ஒயில், நல்ல பிரேக். அதற்குப் பிறகு கொஞ்சங் கொஞ்சமாக, மீற்றரைப் பார்த்து, சத்தம் கேட்டு. 0.65இலிருந்து ஒரே தாவலில் 1 பார் என்பது அவருடைய அகராதியில் இல்லை. ஓடி வந்ததும் உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடவும் சொன்னார். கொதிக்கும் டர்போவுக்குள் ஒயில் நின்றுவிட்டால் கருகிக் கட்டியாகிவிடுமாம். (நகரத்துக்கு வெளியே காருக்கு மணிக்கு 70 கிலோமீற்றர்தான் அனுமதி. இவ்வளவு வலுவும் எங்கே போக என்று நான் கேட்கவில்லை. வாலிபன் மனம் நோகும்.)

கடைசியாக நாலு சிலிண்டரின் நெருக்கத்தையும் அளந்தார். மூன்று ஒரே கணக்கு. நாலாவது நன்றாகக் குறைவு. ஐயா மீற்றரை மருமகன் கையிலேயே கொடுத்தார். அவன் இரண்டு தரம் பார்த்துவிட்டு, பொக்கெற்றிலிருந்த டெப்பை எடுத்து மேசையில் வைத்தான்.

ஹோஸ், பில்டர், பம்ப் மட்டும் மாற்றினோம். ஏ9 வீதியால் அனுராதபுரம் போய் அங்கிருந்து புத்தளம். முழுவதும் சுவிட்சை அமுக்கி 0.4இலேயே போய் வந்தோம். பின் ஆசனத்தில் குமருகள் தூங்கிவிட்டார்கள். என்ஜினைத் திறந்து செய்ய அவன் காசு சேர்க்கிறான். மீற்றர் இரண்டுக்கும் என் சீட்டுக் காசில் பாதி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நாலு சிலிண்டரும் ஒரே கணக்குக் காட்டிய பிறகு.