சிப்பி அச்சு

எங்கள் பங்கு இல்லத்துச் சமையலறைச் சுவரில் பன்னிரண்டு குழிகள் கொண்ட பழைய தகர அச்சு ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு குழியும் கடற்சிப்பியின் வடிவில் வரிவரியாக அமைந்தது. பணியாரச் சட்டியோ என்று கேட்பவர்கள் உண்டு. மத்லேன் என்னும் பிரெஞ்சுச் சிறு கேக்கைச் சுடும் அச்சு என்று சொல்வேன். அது என் கைக்கு வந்த கதையை இதுவரை எழுதியதில்லை.

2011ஆம் ஆண்டு உரோமையில் அருளடையாள இறையியலில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் பிரான்சின் லொரேன் பகுதியில், கொமெர்சி நகரை அடுத்த சிற்றூர்களில் இரண்டு மாதம் பணியாற்ற அனுப்பப்பட்டேன். குருக்கள் குறைந்துபோன அந்நாட்டில் ஒரே குரு பல ஆலயங்களைக் கவனிப்பது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு திருப்பலிக்கு முப்பது பேர் வந்தால் அது பெருங்கூட்டம்.

கொமெர்சி மத்லேனின் ஊர். போலந்தின் அரியணையை இழந்து லொரேனின் கோமகனாக வாழ்ந்த ஸ்தனிஸ்லாஸ், 1755இல் அங்குள்ள தம் மாளிகையில் விருந்தளித்தபோது, மத்லேன் என்னும் பணிப்பெண் தன் வீட்டுப் பக்குவத்தில் இந்தச் சிறு கேக்கைச் சுட்டாள் என்பதும், அவள் பெயரே அதற்கு நிலைத்தது என்பதும் செவிவழிச் செய்தி. பின்னாளில் இரயில் வந்தபோது, நிலைய மேடையில் மரப்பெட்டிகளில் வைத்துக் கூவி விற்றார்கள். மார்செல் புரூஸ்ட் 1913இல் வெளியிட்ட நாவலில், தேநீரில் நனைத்த ஒரு மத்லேன் துண்டு மறந்துபோன பிள்ளைப்பருவத்தையே திருப்பித் தருகிறது. நினைவைப் பற்றி எவர் பேசினாலும் அந்தத் துண்டைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

குரு இல்லத்தின் எதிர்வீட்டில் 82 வயது மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். ஞாயிறுதோறும் ஒரு தகர டப்பா நிறைய மத்லேன் சுட்டு, திருப்பலிக்குப் பின் மக்கள் உண்பதற்காக அனுப்பிவைப்பார். ஆனால் ஆலயத்திற்குள் காலடி வைத்ததில்லை. காரணம் கேட்டால் ஊரார் பேச்சை மாற்றிவிடுவர். நன்றி சொல்ல ஒருநாள் அவர் வீட்டிற்குச் சென்றேன். "உண்பதற்கு வந்தீர்களா, கற்பதற்கு வந்தீர்களா, மோன் பேர்?" என்றார். 'என் தந்தையே' என்பது அதன் பொருள். என் தாயினும் மூத்த ஒருவர் என்னை அவ்வாறு அழைத்தது கூச்சமாக இருந்தது. கற்பதற்கு என்றேன்.

மூன்று முட்டைகளையும் 150 கிராம் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிக்க வேண்டும். 150 கிராம் மைதா மாவையும் ஒரு சிறுகரண்டி பேக்கிங் பவுடரையும் சலித்துச் சேர்த்து, ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோலைத் துருவிப் போட வேண்டும். கடைசியாக, உருக்கி ஆறவைத்த 125 கிராம் வெண்ணெயை ஊற்றிக் கலக்க வேண்டும். இவ்வளவுதான். உடனே சுடப் போனேன். என் கையைத் தடுத்தார். மாவைக் குறைந்தது ஒருமணி நேரமேனும் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டுமாம். குளிர்ந்த மாவு 220 பாகை வெப்பமுள்ள ஓவனுக்குள் போகும்போது ஓரங்கள் முதலில் வெந்து இறுகுகின்றன. நடுவிலுள்ள மாவு பிந்திச் சூடாகி மேல்நோக்கி எழுகிறது. மத்லேனின் முதுகில் காணும் மேடு அப்படித்தான் உண்டாகிறது. அவசரப்பட்டவன் சுட்டது தட்டையாகவே இருக்கும் என்றார்.

அந்த ஒருமணி நேரத்தில், அச்சுக்கு வெண்ணெய் தடவி மாவு தூவியவாறே, தம் கதையைச் சொன்னார். 1953இல் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தண்ணீர் ஊற்ற ஒருவரும் எட்டுமுன் இறந்துவிட்டது. திருமுழுக்குப் பெறாத குழந்தைக்கு அடக்கச் சடங்கு இல்லை என்று அன்றைய பங்குக் குரு வாசற்படியில் நின்றே சொல்லிவிட்டுச் சென்றார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அப்படித்தான் இருந்தது; அவர் சட்டத்தைத்தான் சொன்னார். தாய் எழ முடியாமல் கிடக்க, கணவர் மட்டும் அந்தி வேளையில் ஒரு சிறு பெட்டியைச் சுமந்து சென்று, கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மதிலோரம் புதைத்தார். அதில் சிலுவை இல்லை, பெயர் இல்லை.

அதே லொரேனில், அவியோத் என்னும் திருத்தலத்திற்கு முற்காலப் பெற்றோர் இறந்து பிறந்த சிசுக்களைத் தூக்கிச் சென்றதை நூல்களில் படித்திருக்கிறேன். ஒரு மூச்சேனும் தெரிந்தால் திருமுழுக்குக் கொடுத்துவிடலாமே என்று காத்திருப்பார்களாம். ஆய்வுக் கட்டுரையில் அடிக்குறிப்பாகவே நான் கண்டிருந்த துயரம் இப்போது என்னெதிரே அச்சுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது.

நான் உடனே வாய் திறந்தேன். 1969இல் வெளிவந்த புதிய அடக்கச் சடங்கு முறையில், திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைகளுக்கும் இடம் உண்டு என்றேன். 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு அவர்களை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது என்றேன். 2007இல் அனைத்துலக இறையியல் குழு, அவர்கள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்களை விளக்கி ஓர் ஆவணமே வெளியிட்டது என்றேன். எல்லாம் சரியான செய்திகள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "உரோமை 2007இல் நம்பத் தொடங்கியது. அதுவரை என் மகள் எங்கே இருந்தாள், மோன் பேர்?" என்றார்.

இதற்கும் பதில் தெரியும். அக்குழந்தை என்றும் இறைவன் கரத்தில்தான் இருந்தது. பிந்தியது நம் அறிவே. ஆனால் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் மதிலோரத்து மண்ணை நினைத்து வாழ்ந்த தாயிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. அச்சுக் குழிகளைப் பார்த்தேன். நாங்கள் திருமுழுக்குக்குத் தண்ணீர் ஊற்றும் சிப்பியின் வடிவம் அது. அவர் அதை எண்ணித்தான் ஞாயிறுதோறும் சுட்டாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை. இருவரும் பேசாமல் மாவை ஊற்றினோம். பத்து நிமிடத்தில் வெந்தது. முதுகு மேடிட்டிருந்தது.

அன்றிரவு உறக்கமில்லை. நினைவுக்கு வந்தது 1999, நான் குருவான முதல் ஆண்டு. பிறந்த அன்றே பிள்ளையைப் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் திருப்பண்ட அறை வாசலில் நின்றார். "இறைவன் பார்த்துக்கொள்வார்" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு, கிளைப்பங்குத் திருப்பலிக்கு மோட்டார் சைக்கிளில் விரைந்தேன். அவர் வீட்டிற்குச் செல்லவே இல்லை. 1953இன் குருவைக் குறைகூற எனக்கு என்ன தகுதி?

மறுநாள் மறைமாவட்ட முதன்மைக் குருவிடம் தொலைபேசியில் பேசினேன், உடனே இசைந்தார். மாலையில் மூதாட்டியும் நானும் வடக்கு மதிலோரம் சென்றோம். முதலில் திருச்சபையின் குரு என்ற முறையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் புதிய சடங்கு முறையின் செபங்களைச் சொன்னேன். குழந்தையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தேன். கணவருக்கும் தமக்கும் மட்டும் தெரிந்த பெயரை முதன்முறையாக உரக்கச் சொன்னார். அதை இங்கு எழுத மாட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் திருப்பலிக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தகர டப்பா மட்டும் வந்தது. நான் விடைபெற்ற நாளில் இந்த அச்சைக் கையில் கொடுத்தார். 2014இல் அவர் இறந்தார். கணவரின் கல்லறையிலேயே அடக்கம் நடந்ததாகவும், அக்கல்லில் 1953 என்ற ஆண்டுடன் குழந்தையின் பெயரையும் அவர் முன்பே பொறிக்கச் செய்திருந்ததாகவும் அவ்வூரார் எழுதினர்.

தாயகம் திரும்பியபின் அந்த இளைஞரைத் தேடிச் சென்றேன். நடுவயதை எட்டியிருந்தார். நான் மறந்திருப்பேன் என்று எண்ணியிருந்தார், அவர் மறக்கவில்லை. "சாமி, அன்னைக்கு நீங்க அவசரத்துல இருந்தீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, எனக்காகச் சாக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். அன்று மாலைவரை அங்கேயே இருந்தேன்.

இப்போதும் ஆண்டுக்கு இருமுறை மூன்றுமுறை மத்லேன் சுடுகிறேன். எங்கள் ஊர் வெப்பத்தில் மாவு குளிர ஒருமணி நேரம் போதுவதில்லை. முந்திய இரவே கலந்து வைத்துவிடுகிறேன். இழவு விழுந்த வீட்டிற்கு மறுவாரம் செல்லும்போது கொஞ்சம் கொண்டு செல்வேன். செபப் புத்தகமும் பையில் இருக்கும். அதை எடுப்பதற்கு முன், அவர்கள் பேசட்டும் என்று சற்றுநேரம் காத்திருக்கிறேன்.