கெர்னலுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை



கம்ப்யூட்டர் என்றதும் நம்மில் பலருக்கு மவுஸ்தான் நினைவுக்கு வரும். கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றால், "எதுக்குடா வம்பு"ன்னு பக்கத்து சிஸ்டத்துக்கு நகர்ந்துவிடுவோம். கமாண்ட் லைன் என்ற அந்தக் கறுப்புத் திரைக்காக வக்காலத்து வாங்கத்தான் இந்தக் கட்டுரை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நெட்வொர்க் வழியாக உள்ளே வருவதும் வெளியே போவதும் அதன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அது எண்ணி வைக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் எண்ணுகிறது.

என் அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் லாரி வந்து நின்றால், எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை நசுங்கியது, இடமில்லாமல் எத்தனை வெளியே நின்றது என்று தனித்தனியாகச் சொல்லிவிடுவார். அதைக் கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்வார். கெர்னலுக்குள் இருப்பதும் அதே நோட்டுதான். வந்த பாக்கெட் ஒரு பத்தி, பழுதாகி வந்தது ஒரு பத்தி, வாங்க இடமில்லாமல் கைவிட்டது ஒரு பத்தி. முதல் ஆண்டில் "எரர்ஸ்", "டிராப்டு" என்ற இரண்டு சொற்களையும் நான் குழப்பிக்கொள்ளாததற்கு அப்பாவின் மார்க்கெட்தான் காரணம்.

நோட்டைப் படிப்பது எப்படி? பழைய கட்டளை நெட்ஸ்டாட். 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில், 4.2 பிஎஸ்டி பதிப்பில் வந்தது. அதோடு ஹைபன் எஸ் சேர்த்துக் கொடுத்தால் மொத்தக் கணக்கும் பக்கம் பக்கமாக ஓடும். இன்றைய லினக்ஸில் அதன் வேலையை 'ஐபி', 'எஸ்எஸ்', 'என்ஸ்டாட்' என்ற கட்டளைகள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. 'ஐபி ஹைபன் எஸ் லிங்க்' என்று கொடுத்தால் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டும் வாங்கியது, அனுப்பியது, பழுது எல்லாம் வரும். 'என்ஸ்டாட்' கொடுத்தால் டிசிபி, யுடிபி, ஐபி ஒவ்வொன்றின் கணக்கும் வரும். வெறுமனே படிக்க சூப்பர் யூசர் அனுமதிகூடத் தேவையில்லை. அந்தப் பட்டியலில் வரும் 'ரீட்ரான்ஸ் செக்ஸ்' போன்ற பெயர்கள் பல, 1991-இல் ஆர்எஃப்சி 1213 என்ற ஆவணத்தில் உலகம் முழுக்கப் பொதுவாக வகுத்தவை. போன இடத்திலிருந்து ரசீது வராததால் திரும்ப அனுப்பிய துண்டுகள் எத்தனை என்பதுதான் அதன் பொருள்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். இந்த எண்கள் சிஸ்டத்தை ஆன் செய்த நேரத்திலிருந்து கூடிக்கொண்டே வருபவை. பஸ்ஸின் கிலோமீட்டர் மீட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு பஸ் வேகமாகப் போகிறதா என்று சொல்ல முடியுமா? இப்போது ஒருமுறை, பத்து விநாடி கழித்து ஒருமுறை பார்த்துக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் சேதி. என்ஸ்டாட் இந்தக் கழித்தலைத் தானே செய்துவிடும். இரண்டாம் முறை கொடுத்தால், கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு கூடியதை மட்டும் காட்டும்.

இதெல்லாம் தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன பருவத்தில் நம் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது வரிசை சிஸ்டங்களில் நெட் நத்தையாக ஊர்ந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் முதலாம் ஆண்டு பசங்க. "படம் டவுன்லோடு போட்டிருப்பானுங்க" என்று யாரோ கிளப்பிவிட, மதியத்திலிருந்து அந்த வரிசைக்கு நெட் கிடையாது என்று உத்தரவாகிவிட்டது. மறுநாள் அவர்கள் புராஜெக்ட் கோப்பை ஏற்ற வேண்டிய கடைசி நாள். ஒரு பையன், "அண்ணே, நான் யூடியூப் பக்கமே போகலண்ணே" என்று அழாத குறையாகச் சொன்னான்.

நான் ஆய்வகப் பொறுப்பாளரிடம் பத்து நிமிடம் கேட்டேன். முதலில் 'அப்டைம்' கட்டளை. எல்லா சிஸ்டமும் காலையில் ஆன் செய்தவை. அடுத்து 'ஐபி ஹைபன் எஸ் லிங்க்'. காலையிலிருந்து அந்த வரிசையில் எந்த சிஸ்டமும் 60 மெகாபைட்டைத் தொடவில்லை. முழுப் படம் எந்த மூலைக்குக் காணும்! எரர்ஸ் பத்தியிலும் பூஜ்யம்தான். ஆகவே சிஸ்டத்திலிருந்து வரிசை ஸ்விட்ச் வரைக்கும் வயர் நன்றாகவே இருக்கிறது.

பிறகு ஒரு சின்னக் கோப்பை ஏற்றச் சொல்லிவிட்டு, முன்னும் பின்னும் என்ஸ்டாட் பார்த்தேன். அனுப்பிய ஆயிரம் துண்டுக்கு எண்பதுக்கு மேல் திரும்ப அனுப்பியவை. இரண்டாவது வரிசையில் அதே கோப்பு, அதே சர்வர்; திரும்ப அனுப்பியது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் சரக்கு சிஸ்டத்திலும் கெடவில்லை, வெளியே நெட் கம்பெனியிலும் கெடவில்லை. மூன்றாவது வரிசை ஸ்விட்சிலிருந்து முதன்மை ஸ்விட்சுக்குப் போகும் அந்த ஒற்றை வயரில்தான் எங்கோ சிந்துகிறது. டெக்னீஷியன் அண்ணன் குனிந்து பார்த்தார். மேசைக் காலுக்கு அடியில் வயர் நசுங்கிக் கிடந்தது. புது வயர் போட்டதும் எண் பூஜ்யத்துக்கு வந்தது. அன்று மாலையே பசங்க கோப்பை ஏற்றிவிட்டார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நெட் மெதுவானால், "எண் என்ன சொல்லுதுப்பா?" என்றுதான் பொறுப்பாளர் முதலில் கேட்கிறார்.

நாம் ஓர் ஆய்வகத்தில் செய்ததை, ஊர்விட்டு ஊர் போகும் இணைப்பில் நம் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவர் உண்டா! தேனியில் உள்ள அதன் கிளையையும் சுற்று வட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும் கலிபோர்னியா பல்கலைக்கழக பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்து நோயாளி பஸ் ஏறாமலே தேனி டாக்டரைத் திரையில் பார்க்கலாம்.

ஆனால் வைஃபை வீட்டுக்குள் ஓட உருவானது. ஒரு பாக்கெட் அனுப்பியதும் ரசீதுக்குக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். 10 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கே ஏறக்குறைய 67 மைக்ரோ விநாடி வேண்டும். ரசீது வந்துகொண்டிருக்கும்போதே, தொலைந்துபோச்சு என்று நினைத்து மறுபடியும் அனுப்பும். பாதை முழுக்க ஒரே சரக்கு இரண்டு முறை! இழப்பை அளந்து பார்த்து, பேசும் நேரத்தை இரு முனைக்கும் பங்கு பிரித்து, ரசீதுகளை மொத்தமாக அனுப்பும்படி மாற்றினார்கள். 2007-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை அதைச் சொல்கிறது. 2008-இல் வந்த அடுத்த கட்டுரை நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்கு இன்னும் முக்கியம். மின்சாரக் கோளாறு அடிக்கடி ரூட்டர்களைப் படுத்தியது. வெளியிலிருந்து உள்ளே நுழைந்து பார்க்கவும் வழியில்லை. ஆகவே ஒவ்வொரு ரூட்டரும் தன் கணக்கைத் தானே வெளியே அனுப்பும்படி 'ஃபோன்ஹோம்' என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். கணக்கு நோட்டே புறப்பட்டு வந்து, "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கே சிந்துகிறது என்று காட்டும். ஏன் என்று குனிந்து பார்ப்பது நம் வேலை. மீட்டர் சுற்றி மீண்டும் பூஜ்யத்துக்கு வருவதும் உண்டு. பழைய 32 பிட் கணக்கில் 100 மெகாபிட் இணைப்பு முழுவேகத்தில் ஓடினால் ஆறு நிமிடத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அது தெரியாமல் கழித்தால் கணக்கு உதைக்கும்.

ஆனாலும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுபவனுக்கும், வாய்க்கு வந்ததைப் பேசுபவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சிலம்பை உடைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னதால் எரிந்தது என்று காப்பியம் சொல்லும் ஊரில் நாம் படிக்கிறோம். உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று பார்க்க அன்றைக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. நமக்கும் ஒரு நிமிடம் போதும்.

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்தில், "நெட் ஏன் வரல?" என்று நம்மைத்தான் முதலில் கேட்பார்கள். குற்றம் சுமத்த ஆளும் அங்கே தயாராக நிற்பான். அப்போது கறுப்புத் திரையைத் திறங்கள். அதில் வரும் இங்கிலீஷ் மொத்தமே இருபது வார்த்தைதான். ஒரு வாரத்தில் பழகிவிடும். இருமுறை பாருங்கள், கழித்துப் பாருங்கள், பிறகு வாயைத் திறங்கள்!