கரிசல் வீட்டின் சுவர்

 

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சாத்தூரைக் கடந்ததும் மண்ணின் நிறம் கறுத்துக்கொண்டே வருவதைக் கண்டிருப்பீர்கள். கோவில்பட்டியை நெருங்கும்போது இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல்தான். ஐப்பசி மழை பெய்தால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விளையும். பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. கடலைமிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மதரஸாப் பிள்ளைகளுக்காக நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். ஆனால் நான் எழுத வந்தது மிட்டாயைப் பற்றியன்று. ஒரு சுவரைப் பற்றி.

கோடை விடுமுறையில் அவ்வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் மச்சான் வீட்டில் தங்கியிருந்தேன். பாட்டனார் காலத்து வீடு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர். உள்ளறையில் மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வெடிப்பு. என் சுண்டுவிரல் அதனுள் நுழைந்தது. “இதெல்லாம் ஒன்றுமில்லை மச்சான், மழை பெய்தால் மூடிக்கொள்ளும்” என்றார் அவர். பூச்சு வேலைக்கு வந்திருந்த முதிய கொத்தனார் சிரித்தார்.

“கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும் பாய். சுக்கான் தட்டுற வரைக்கும் தோண்டி அஸ்திவாரம் போட்டிருக்கணும். அந்தக் காலத்துல மூணு அடியோட நிறுத்திட்டாங்க. மழைக்கு மூடிக்கிடும், ஆனா ஒட்டிக்கிடாது.”

மூடிக்கொள்வது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு என்ற அச்சொல் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. கில்லாரி நினைவுக்கு வந்தது.

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியும் கரிசல் மண்தான், வானம் பார்த்த பூமிதான். 1993 செப்டம்பர் 30 அன்று, அதிகாலை நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது பூமி நடுங்கியது. அளவு 6.2 அளவில்தான். உலகில் இதைவிடப் பெரிய நிலநடுக்கங்கள் எத்தனையோ உயிர்ச்சேதமின்றிக் கடந்து போயிருக்கின்றன. ஆனால் அங்கே ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது பூமியின் நடுக்கம் மட்டுமன்று, அவர்களுடைய சுவர்களே. இரண்டு வரிசைக் கற்களை மண் சாந்தால் அடுக்கி, நடுவில் சிறு கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்பிய அகலச் சுவர்கள் அவை. அதிர்ந்ததும் இரு வரிசைகளும் பிரிந்து சரிந்தன. மேலே வெயிலுக்காகப் போட்டிருந்த கனத்த மண் கூரை உறங்கியவர்கள் மீது இறங்கியது. பல வீடுகளில் மரத்தூண்கள் மட்டும் நின்றன.

வேதனை என்னவெனில், 1992 இலேயே கில்லாரியில் சிறு அதிர்வுகள் பலமுறை உணரப்பட்டிருந்தன. அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அப்பகுதி ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். 2002 இல் வரைபடம் திருத்தப்பட்டபோது முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு உயர்ந்தது. கோவில்பட்டி வட்டாரம் இரண்டாவதில், அதாவது கடைசிப் படியில் நின்றது. கடைசிப் படி என்றால் ஆபத்தே இல்லாத படி என்று நாம் பொருள் செய்துகொள்கிறோம். 1900 பிப்ரவரி 8 இல் கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் பூமி அதிர்ந்ததை இன்று எத்தனை பேர் அறிவர்?

நடுங்கிய பின் யார் வருவார்? 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். இடிபாடுகளில் தேடப் பயிற்சி பெற்ற தேசியப் படையின் தமிழகப் பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. அங்கிருந்து கோவில்பட்டி ஐந்நூறு கிலோ மீட்டருக்கும் அதிகம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது சாலையும் தண்டவாளமும் அறுந்து, திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இடிபாட்டில் சிக்கியவருக்கு முதல் சில மணி நேரமே உயிர் நேரம். அந்நேரத்தில் அவரைத் தூக்கப் போகும் கைகள் அடுத்த வீட்டுக் கைகள்தாம்.

அடுத்த வீட்டுக் கைகள் என்ன செய்யும் என்பதை 2004 சுனாமியில் பார்த்தோம். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்கு உணவும் இடமும் தந்தார்கள். நாகூரில் மதம் பாராமல் மையித்துகள் அடக்கப்பட்டன. ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, தூக்கிச் செல்லச் சந்தூக்கு எல்லாம் நம் பள்ளிவாசல்களில் உள்ளன. எல்லாவற்றையும்விடப் பெரியதொன்றும் இருக்கிறது: மாதச் சந்தா வசூலிக்கும் மோதினாரின் நோட்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு முதியவர் என்பது அவருக்குத்தான் தெரியும். இடிபாட்டின் முன் நின்று, ‘உள்ளே இன்னும் எத்தனை பேர்?’ என்று கேட்பவருக்கு அந்த நோட்டே வழிகாட்டி. ஆனால் அதில் நம் வீடுகள் மட்டுமே உண்டு. அதே தெருவின் நாடார் வீடும் நாயக்கர் வீடும் அதில் ஏறவில்லை. ஏற்றுவதற்கு ஒரு பிற்பகல் போதும்.

ஊர் திரும்பியதும் எங்கள் மதரஸாவின் வடக்குச் சுவரைப் பார்த்தேன். பத்து ஆண்டுகளாக அதன் கீழ் அமர்ந்து பாடம் நடத்துகிறேன், அன்றுதான் பார்த்தேன். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு கூரைவரை ஓடுகிறது. அதனடியில்தான் சிறு பிள்ளைகள் பூமியின் நடுக்கத்தைக் கூறும் அந்த 99 ஆம் அத்தியாயத்தை மனனம் செய்கிறார்கள். ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: மினாராவுக்குச் சேர்ந்த தொகையில் ஒரு பகுதியை எடுத்து, ஜன்னல்களுக்கு மேலே சுவரைச் சுற்றி ஒட்டியாணம் போல் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை போடலாம் என்று. “அல்லாஹ் பாதுகாப்பான், ஹஜ்ரத்” என்றார் ஒரு பெரியவர். அவரை நான் மதிக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கச் சொன்ன நபிமொழியை அவருக்கே நினைவூட்ட வேண்டியிருந்தது. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

அதுவரை பிள்ளைகளை வாசல் பக்கமாக மாற்றி அமர்த்தியிருக்கிறேன். கோவில்பட்டிக் கொத்தனார் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.