துறைமுகத்தைக் காட்டு என்றேன்

கச்சான் காற்று எழும்பும் மாதங்களில்தான் திருகோணமலைக்குப் போகவேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மழையையெல்லாம் மலைநாட்டிலும் மேற்குக் கரையிலும் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி எங்கள் பக்கம் இறங்கும். வீதியில் நிற்பவனுக்கு முகம் எரியும். ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை அடங்கிவிடும். சித்திரை கழிந்து புரட்டாசி வரைக்கும் குழந்தைகளை நம்பி இறக்கலாம். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் அதே கடலுக்குக் கிட்டப் போகமுடியாது.

எண்பதுகளில் ஊரைவிட்டுப் போனவன் நான். டொரொன்டோவில் பிள்ளைகள் வளர்ந்து அவரவர் பாட்டுக்குப் போனபின், இந்தமுறை ஆனி மாதத்தில் ஆறுதலாகத் தங்கும் எண்ணத்தோடு வந்தேன். அக்காவின் மகன் ஓட்டோ வைத்திருக்கிறான். வெளிநாட்டுக்காரரை ஏற்றி இறக்கி அவனுக்கு ஓர் ஒழுங்கு பழகிவிட்டது: காலமை புறாமலை, வெயில் தணியக் கன்னியா, பின்னேரம் கோணேசர் கோயில், இரவு உப்புவெளியில் கணவாய்ப் பொரியல்.

"மாமா, நீங்க ஊர்க்காரர். உங்களுக்கு என்னத்தைக் காட்ட?" என்றான்.

"ஹாபரைக் காட்டு."

"அதில என்ன கிடக்குப் பார்க்க?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரின் விசித்திரமே அதுதான். உலகம் திருகோணமலையை அறிந்தது துறைமுகத்தால். ஊரார் வாழ்ந்தது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எங்கள் கோயில், மீன்சந்தை, காற்றுவாங்கும் கடற்கரை எல்லாம் வெளிக்கடல் பக்கம். உட்துறைமுகத்தைச் சுற்றியோ மதில், முள்கம்பி, காவலரண். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே 1624இல் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் வந்து பிடித்தான். பிறகு அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. 1795இல் ஆங்கிலேயர். சண்டை போட்ட எல்லாருக்கும் வேண்டியிருந்தது ஊரல்ல, எந்தக் காற்றுக்கும் கப்பல் ஒதுங்கிக் கிடக்கக்கூடிய அந்த ஆழமான நீர். சுதந்திரத்துக்குப் பின்னும் பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 வரைக்கும் இருந்தது. என் அப்பா டொக்யார்ட்டில் வெல்டராக இருந்தவர். வாசலில் பாஸ் காட்டி அவர் உள்ளே போனார். அவருடைய பிள்ளைகள் நாங்கள் ஒருநாளும் போனதில்லை.

ஆகவே துறைமுகத்தைப் பார்க்கவேண்டுமென்றால், பார்க்க விடும் இடங்களைத் தேடித்தான் போகவேண்டும். முதல் இடம் ரயில். கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியும் நேரத்தில் தம்பலகாமத்து வயல்களைத் தாண்டிச் சீனன்குடாவுக்கு வரும். பற்றைகளுக்கிடையே திடீரென்று தண்ணீர் தெரியும். கடல் என்று சொல்லமுடியாத அமைதி, நாலு பக்கமும் பச்சைக் குன்றுகள். அந்தக் குன்றுகளின் காட்டுக்குள்தான் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள், இப்போது 99 நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதில் ஒரு குதம் நாட்கணக்கில் எரிந்ததாம். ஊர்ச்சனம் காட்டுக்குள் ஓடிய கதையை ஆச்சி சொல்லுவா. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் வைத்து ஜப்பானியர் மூழ்கடித்தார்கள். நிலாவெளி வீதியில் உப்புவெளியில் போர்க்கல்லறைகள் இருக்கின்றன. உள்ளே போய்க் கற்களில் வயதைப் பாருங்கள். பாதிப்பேர் இருபதைத் தாண்டிச் சொற்ப காலம்தான்.

இரண்டாவது இடம் உவர்மலை. ஏறி நின்றால் உட்துறைமுகம் விரல் விரலாகப் பிரிந்து நிலத்துக்குள் போவது தெரியும். அங்கேதான் ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னேன். மருமகன் முதலில் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே, தூரத்தில் நின்ற சரக்குக் கப்பல் சீமெந்துத் தொழிற்சாலைக்கு வந்ததா, மா ஆலைக்கு வந்ததா என்று கேட்கத் தொடங்கினான். ஊரில் பிறந்து வளர்ந்த பெடியன், அங்கே நின்று பார்த்ததே இல்லையாம்.

இதற்காகக் கோணேசர் கோயிலை விட்டுவிடுங்கள் என்று சொல்லவரவில்லை. மக்கெய்சர் மைதானத்தைக் கடந்து கோட்டை வாசலுக்குள் நுழைய முன்னர் ஒரு நிமிடம் நில்லுங்கள். வாசற்கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கியிருக்கும். பக்கத்தில் குளக்கோட்டன் என்ற அரசனின் திருப்பணியையும் பறங்கியர் அழிவையும் சொல்லும் தமிழ் எழுத்துகள், சிதைந்துபோய். இடித்த கோயிலின் சாட்சியை இடித்தவன் கட்டிய வாசலே சுமந்துகொண்டு நிற்கிறது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம். அழிந்தபின் முந்நூறு வருடத்துக்கு மேலாகச் சனம் வெறும் பாறைக்கும் கடலுக்கும் பூப்போட்டுக் கும்பிட்டது. 1950இல் கிணறு வெட்டப்போய் மண்ணுக்குள் செப்புத் திருமேனிகள் அகப்பட்டன. 1963இல் கும்பாபிஷேகம். இன்றைக்குச் சாமான்கடைகள் வழிநெடுகப் பெருகிவிட்டன, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவின் பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய மரத்தொட்டில்கள் அப்படியே ஆடுகின்றன, சிங்களப் பெண்கள் கட்டியவையும் சேர்த்து. அந்த விளிம்பில் பொறுமையாக நின்றால் சில மாதங்களில் திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் காணலாம். கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைக்கு மிகக் கிட்ட வருகிறது, அதனால்தான். படகில் துரத்திப் போய்ப் பார்ப்பதைவிட இது மேல்.

கோட்டை மான்களைப் பற்றி மனம் நொந்துதான் எழுதவேண்டியிருக்கிறது. புள்ளிமான்கள் இப்போது பஸ் நிலையம் வரைக்கும் வருகின்றன. ஒன்று சோற்றுப்பார்சல் சுற்றிய பொலித்தீன் பையை முழுதாக மெல்லுவதைக் கண்டேன். இழுத்தெடுக்கப் போனால் விடவில்லை. வருகிறவர்கள் தயவுசெய்து பையோடு தீனி போடாதீர்கள்.

புறாமலைத் தீவிலும் இதே கதை. நிலாவெளிக் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்; 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் போதும், கறுப்புநுனிச் சுறாக் குட்டிகள் காலடியில் திரியும். ஆனால் முருகைக்கல்லில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். மிதித்த முருகை திரும்ப வளர ஒரு தலைமுறை காணாது. நீந்தத் தெரியாதவர் கரையில் இருக்கட்டும்.

அதைவிட நான் வருகிறவர்களை அனுப்புவது சாம்பல்தீவுப் பக்கத்துக் கரைவலைக்கு. விடியப் போகவேண்டும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு கயிற்றுக்கும் ஆட்கள் பிரிவார்கள். இடுப்பில் கயிற்றைச் சுற்றி, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்பக்கமாக நடப்பார்கள்; கடைசி ஆள் கயிற்றை வளையமாகச் சுருட்டிவிட்டு முன்னுக்கு ஓடித் தண்ணீருக்குள் நின்று திரும்பப் பிடிப்பான். கயிறு மெல்ல மெல்லக் கிட்ட வரும். மடி கரைக்கு வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். வந்ததும் சத்தம் மாறும். கீரி, சூடை, இடையில் ஒரு பாரை துள்ளும். சம்மாட்டி பங்கு பிரிக்கும்வரைக்கும் யாரும் கை வைப்பதில்லை. வந்து இழுத்துக் கொடுத்தவனுக்கும் ஒரு பிடி மீன் உண்டு. எனக்கும் ஒரு பையில் கீரிமீன் தந்தார்கள். அக்கா அதைப் புளிபோட்டு அவித்தா.

கன்னியாவை வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் எண்ணாதீர்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு சூடு. வாளியால் அள்ளி ஒன்றை விட்டு ஒன்றில் ஊற்றிக்கொண்டால் உடம்பு கண்டுபிடிக்கும். தாய்க்குக் கருமம் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம். அந்தியேட்டிக்கு இங்கேதான் வருவோம். நான் கனடாவிலிருந்தபோது மறைந்த அம்மாவுக்கு அக்காவின் கணவர் இங்கேதான் செய்து முடித்தார். பக்கத்தில் சிரித்து விளையாடும் சுற்றுலாச் சனத்துக்கு நடுவே, தலை மழித்து ஈரவேட்டியோடு யாராவது நின்றால், கொஞ்சம் விலகி இடம் கொடுங்கள்.

ஒரு நாள் பின்னேரம் மூதூருக்குப் போனோம். நான் அறிந்த காலத்தில் அந்தத் தரைவழியில் துறைக்குத் துறை பாதை என்ற மிதவையில் ஏறி இறங்கவேண்டும், அரை நாள் போய்விடும். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர். கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிட்டோம். மூதூர்க் கரையில் கிடப்பது மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடா. 1660இல் பாய்மரம் உடைந்த கப்பலோடு ஒதுங்கிய றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டது இந்தக் கரையில்தான்.

பாலம் வந்தது பெரிய நன்மை. பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணை இரவில் ஏற்றிக்கொண்டு பாதைக்குக் காத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் ஊர்ச்சனம் துறைமுகத்தை முழுதாகக் கண்ட ஒரே வழி, இப்போது நின்றுபோன மூதூர் லாஞ்ச். மீன்கூடையும் நெல்மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாய்ப் போகும். துறை விட்டதும் பின்னால் உவர்மலை, ஒரு பக்கம் டொக்யார்ட், குடாவுக்குள் வரக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை முழுதாகத் திரும்பி நிற்கும். எந்த அதிகாரியின் பாஸும் வேண்டியதில்லை. அந்த லாஞ்ச்சைப் பின்னேரத்தில் ஒரு தடவையாவது திரும்ப விடவேண்டும். நகரசபையோ துறைமுகத்தாரோ யார் செய்தாலும் சரி. வெளியூர்க்காரரிடம் நல்ல கட்டணமே வாங்கட்டும். திருகோணமலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மட்டும் காசில்லாமல் ஏற்றட்டும்.